புலம், புல எண், வரிசை

1

தேடுவதும் வரிசைப்படுத்துவதும் ஒரே காரியம் என்றுதான் பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணினிக்குள்ளே போய்ப் பாத்தா அப்படி இல்லை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகிற காரியங்கள். தேடலுக்கான அடைவு சொல்லிலிருந்து ஆவணத்துக்குப் போகிறது. ‘ஏரி’ என்று கொடுத்தால் அந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் கிடக்கிறது என்று ஒரு பட்டியலை நீட்டும், புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவு மாதிரி. வரிசைக்கு இது உதவாது. இந்த ஆவணத்தின் தேதி என்ன, அந்த ஆவணத்தின் பரப்பு என்ன என்று ஒவ்வொன்றிடமும் கேட்டு, ஒப்பிட்டு, முன்னே பின்னே நிறுத்த வேண்டும். அதாவது ஆவணத்திலிருந்து மதிப்புக்குப் போக வேண்டும். அதுக்குத் தனியாக இன்னொரு அமைப்பை முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும். இன்று புழக்கத்தில் இருக்கும் பல தேடுபொறிகளுக்கு அடித்தளமான லூசீன் மென்பொருளில், மதிப்புகளை இப்படிப் பத்தி பத்தியாக அடுக்கி வைக்கும் ஏற்பாடு 2012-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது.

ஆகவே தேடுபொறியை நிறுவுகிறவருக்கு முதல் வேலை தேடுவது அல்ல, அறிவிப்பது. பெயர், தேதி, ஊர் என்று ஒரு பதிவுக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் கணினித் தமிழ் ‘புலம்’ என்கிறது. ஒவ்வொரு புலத்துக்கும் என்னென்ன அனுமதி என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். இது தேடத்தக்கது, இது வடிகட்டத்தக்கது, இது வரிசைப்படுத்தத்தக்கது. இந்த மூன்றும் இல்லாத புலமும் உண்டு. அது சும்மா காட்டத்தக்கது. பதிவை எப்படியோ கண்டுபிடித்துத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. மெய்லிசர்ச் என்ற பொறியில் வரிசைப்படுத்தத்தக்க புலங்களின் பட்டியல் காலியாகத்தான் தொடங்குகிறது. அனுமதி கொடுத்தால் ஒழிய எதுவும் வரிசைக்கு வராது. எலாஸ்டிக்சர்ச்சில் ஓட்டமான உரையாக எழுதப்பட்ட புலத்தை வைத்து வரிசை கேட்டால் மறுத்துவிடும். அதே உள்ளடக்கத்தை உடைக்காத முழுச் சரமாக இன்னொரு முறை சேர்த்திருந்தால்தான் கொடுக்கும். மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் தேடுசேவையில் இந்த அனுமதியைப் புலம் பிறக்கும்போதே எழுத வேண்டும். பிறகு மனம் மாறினால் அடைவை இடித்துக் கட்ட வேண்டியதுதான்.

இதோடு இரண்டு சின்ன விதிகள். சின்னதா இருக்கு, ஆனா எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன. ஒரு புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் இருந்தால், அதாவது ஒருவருக்கு இரண்டு ஊர் அல்லது இரண்டு பெயர் என்றால், சில பொறிகள் அதை வரிசைக்கு ஏற்கவே ஏற்காது. வேறு சில, இருப்பதில் சிறியதையோ பெரியதையோ எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். வரிசைக்குள் நுழைய ஒற்றை அடையாளம் வேண்டும். இரண்டாவது விதி: மதிப்பே இல்லாத பதிவு கடைசிக்குப் போகும். எலாஸ்டிக்சர்ச்சில் வேறு மாதிரிச் சொல்லி வைக்காவிட்டால் ஏறுவரிசையிலும் அதற்குக் கடைசி இடம்தான், இறங்குவரிசையிலும் கடைசி இடம்தான். உலகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் இல்லாதவன் கடைசியில் நிற்கிறான்.

இதைத் தொழில்நுட்பக் கையேட்டில் படிக்கும்போது ஒன்றும் உறைக்காது. வேகம், நினைவக அளவு, வட்டில் இடம் என்ற காரணங்கள் அங்கே இருக்கும். எல்லாம் உண்மையான காரணங்களே. எந்தப் புலம் ‘தேவைப்படும்’ என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அங்கே இருக்காது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

2

ஒழுங்கு என்பது பொருள்களுக்குள் ஏற்கனவே உறைந்து கிடப்பது அல்ல, பொருள்களைப் பேச விடுகிற ஒரு சட்டகம் என்ற கருத்தை 1966-ல் ஃபூக்கோ ‘சொற்களும் பொருள்களும்’ நூலில் விரித்தார். போர்ஹேஸின் கட்டுரை ஒன்றில் வரும் சீனக் கலைக்களஞ்சியத்தை வாசித்தபோது வந்த சிரிப்பிலிருந்து அந்த நூல் பிறந்ததாக முன்னுரை சொல்கிறது. தமிழில் கோட்பாடு பேசிய நம்மவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. சீனாவரைக்கும் போகத் தேவையில்லாமல் நம்ம நிகண்டுகளிலேயே இதற்கான விஷயம் கிடக்கிறது.

சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. முதலில் தெய்வப் பெயர், அடுத்து மக்கட் பெயர், பிறகு விலங்கு, மரம், இடம் என்று இறங்கிப் போகும். ஒரு சொல்லைத் தேடுகிறவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் உலக அடுக்கில் எந்தப் படியில் நிற்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். அங்கே வரிசைப்படுத்தும் புலம் எழுத்து அல்ல, படிநிலை. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதி வேறு மாதிரி. அது எதுகையால் அடுக்கப்பட்டது, அதாவது சொல்லின் இரண்டாம் எழுத்தால். இன்று நமக்கு விசித்திரமாகத் தெரிகிறது. ஆனால் அந்த நூலைப் புரட்டிப் பார்க்கவில்லை, மனப்பாடம் செய்தார்கள். ஓசை நினைவுக்கு எது கைப்பிடியோ அதுவே வரிசையின் புலம். முதலெழுத்தால் அடுக்கும் முறை 1594-ல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டில் வருகிறது. 1732-ல் வீரமாமுனிவரின் சதுரகராதி அதை நிலைநிறுத்துகிறது.

சதுரகராதி என்ற பெயரையே கவனிக்க வேண்டும். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு அகராதிகள். ஒரு மொழியின் சொற்களை நாலு வாசல் வழியாக அணுகும் ஏற்பாடு. ஒரே வரிசை போதாது, ஒவ்வொரு வகை வாசகனுக்கும் ஒரு வரிசை வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது. அல்கோலியா என்ற தேடுசேவையில் இன்றைக்கும் ஒவ்வொரு வரிசைக்கும் அடைவின் ஒரு பிரதியைத் தனியாக உண்டாக்குகிறார்கள். அடிப்படையில் இதே யோசனைதான். அகர வரிசை வந்தபோது ஒரு சமத்துவமும் வந்தது. அகராதியில் ‘அரசன்’ ‘அடிமை’க்குப் பின்னால்தான் நிற்க முடியும். தெய்வத்துக்கு முதல் தொகுதி என்ற சலுகை போயிற்று. இதைப் பெரிய விடுதலையாகக் கொண்டாடத் தோன்றும். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். படிநிலை அகராதியை விட்டு வெளியேறிப் பதிவேட்டுக்குள் குடியேறிவிட்டது என்பது என் வாதம்.

எஸ்.ஆர். ரங்கநாதனையும் இங்கே நினைக்க வேண்டும். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1933-ல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டவர். ஒரு புத்தகத்தின் பொருளை ஒற்றைக் கிளையில் தொங்கவிடாமல் பல முகங்களாகப் பிரிக்கலாம் என்று காட்டினார். இன்றைய தேடல் பக்கங்களின் ஓரத்தில் நிற்கும் வடிகட்டிகளில் அந்த முகங்களின் சாயல் தெரிகிறது. ஆனால் அலமாரியில் புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். ஆகவே முகங்களில் எது முதலில், எது அடுத்து என்று அவரும் ஒரு வரிசை விதியை வகுக்க வேண்டியிருந்தது. பகுப்பு எவ்வளவு பன்மையாக இருந்தாலும், வரிசை என்று வந்தால் ஒன்று முன்னுக்கு வந்தாக வேண்டும். அதிகாரம் வேலை செய்கிற இடம் இந்த ‘முன்னுக்கு’.

3

கணினியின் வரிசை நடுநிலையானது என்று நம்புகிறவர்களுக்காக ஒரு சின்ன உதாரணம். கமலா, கனகா என்று இரண்டு பெயர்கள். நம்ம நெடுங்கணக்கின்படி மகரம் முன்னால், றகர னகரங்கள் கடைசியில். ஆகவே கமலா முதலில். யூனிகோடு எண்களை மட்டும் வைத்து வரிசைப்படுத்தும் பொறி கனகாவை முதலில் நிறுத்தும். ஏன் என்றால் யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இருப்பிடம் இந்திய எழுத்துகளுக்கான பழைய பொதுத் தகுதரத்தைப் பின்பற்றியது. தேவநாகரிக்கான சட்டகத்தில் தமிழை உட்கார வைத்ததில் னகரம் நகரத்தை ஒட்டிப் போய்விட்டது, றகரம் ரகரத்தை ஒட்டிப் போய்விட்டது. இன்னொன்று, மல்லிகாவும் மலரும். தமிழ் அகராதி மரபில் புள்ளி எழுத்து முன்னே வரும், ஆகவே மல்லிகா முதலில். எண் வரிசையில் புள்ளி கடைசிக்குப் போய்விட்டதால் மலர் முந்திக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய ஒப்பீட்டு விதிகள் உண்டு. உலகப் பொதுவான தரவுத் தொகுப்பில் தமிழுக்கென்று தனி விதியும் இருக்கிறது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோது கூடவே எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் 16 பிட் குறியீடு ஒன்றையும் ஏற்றதற்கு இந்த வரிசைச் சிக்கலும் ஒரு காரணம். அப்போ பிரச்சினை தீர்ந்ததே என்று கேட்கலாம். தீரவில்லை. விதி இருக்கிறது, அதை யாராவது இயக்கி விட வேண்டும். மீண்டும் அதே இடம்: அமைப்பை நிறுவுகிறவரின் மேசை.

பெயர் என்ற புலமே ஒன்று அல்ல என்பது இன்னும் ஆழமான சிக்கல். திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். திருத்தணி 1960-ல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை ஓரம் முழுக்கத் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. தமிழ்க்காரருக்கு முன்னெழுத்து என்றால் அப்பா பெயர். தெலுங்குக்காரருக்கு அது வீட்டுப்பெயர், தலைமுறைக்கும் மாறாதது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வரும் ஒடிசா, பீகார்த் தொழிலாளிக்குப் பின்னால் ஒரு குடும்பப்பெயர். படிவத்தில் இருப்பதோ ஒரே கட்டம். ‘கு. முருகன்’ என்று எழுதினால் பொறி அவரைக் ககரத்தில் நிறுத்துகிறது. அவரைத் தேடுகிறவர் மகரத்தில் தேடுகிறார். வரிசையில் காணாமல் போவதற்கு யாரும் அழிக்க வேண்டியதில்லை. வேறு எழுத்தில் நின்றாலே போதும்.

4

இப்போது புலம் என்ற சொல்லின் இன்னொரு பொருளுக்கு வருகிறேன். வருவாய்த்துறைத் தமிழில் புலம் என்றால் அளவை செய்யப்பட்ட நிலத்துண்டு. ‘புல எண்’ என்று பட்டாவில் அச்சிட்டிருப்பது சர்வே எண்ணைத்தான். பதிவின் கட்டத்துக்கும் நிலத்தின் துண்டுக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது ஒரு வாசிப்புக்கான திறப்பு. நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த பிறகுதானே அதைப் பதிவின் கட்டங்களுக்குள் போட முடிந்தது.

கிராம நிலக் கணக்கின் மூலப்பிரதி ‘அ’ பதிவேடு. புல எண், உட்பிரிவு, அரசா ரயத்துவாரியா, நன்செயா புன்செயா, மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு. இத்தனை பத்திகள். பதிவேடு அடுக்கப்பட்டிருப்பது புல எண்ணால். சிட்டா அடுக்கப்பட்டிருப்பது பட்டா எண்ணால். அடங்கலில் மறுபடியும் புல எண். ஆக இரண்டு புலங்களுக்குத்தான் வரிசைப்படுத்தும் உரிமை. ஒன்று நிலத்தின் இருப்பிடம், மற்றது தீர்வை கட்ட வேண்டிய ஆள். இது வசூலிக்கிற அரசின் கண்ணோட்டம். எங்கே போய் வசூலிப்பது, யாரிடம் வசூலிப்பது. காலனிய வருவாய்த்துறைக்கு வேறு எந்த வரிசையும் தேவைப்படவில்லை.

யூஜின் இர்ஷிக் 1994-ல் எழுதிய ‘டயலாக் அண்ட் ஹிஸ்டரி’ என்ற நூல் 1795 முதல் 1895 வரையிலான இதே செங்கல்பட்டுச் சீமையைப் பற்றியது. காலனிய அறிவு மேலிருந்து திணிக்கப்பட்டது மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களோடு நடந்த உரையாடலில் உருவானது என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் உரையாடலில் யார் குரல் எந்தப் பத்தியில் போய் உட்கார்ந்தது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதுக்குக் குறிப்புப் பத்தியைத்தான் பார்க்க வேண்டும்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், மாவட்டத்தின் பறையர் மக்கள் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாமையே அவர்களுடைய அடிமை நிலைக்கு வேர் என்பது அதன் சாரம். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடக்கம். 1997-ல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ‘ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு’ நிபந்தனையோடு நிலம் ஒப்படைக்கப்பட்டது. அவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டுகளுக்குக் கைமாற்றக் கூடாது. அதற்கு அப்புறமும் அதே வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம். மீறினால் ஒப்படைப்பை ரத்து செய்து நிலத்தைத் திரும்ப எடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு.

இந்த நிபந்தனை எங்கே எழுதப்பட்டது? ‘அ’ பதிவேட்டின் கடைசிப் பத்தியில், குறிப்பாக. ‘டி.சி.’ என்று இரண்டு எழுத்து. நிலத்தின் சட்ட இயல்பையே தீர்மானிக்கும் தகவல், யாராலும் அடுக்கப்படாத பத்தியில் போய்ச் சேர்ந்தது. தேடுபொறியின் மொழியில் சொன்னா அது சும்மா காட்டத்தக்க புலம். புல எண் தெரிந்து அந்தப் பக்கத்தைத் திறந்தவனுக்கு மட்டும் தெரியும். இந்த வட்டத்தில் பஞ்சமி நிலம் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் ஒவ்வொரு கிராமத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தக் கணக்கை வெளியிலிருந்து ஒருவர் சரிபார்க்க வழி இல்லாமல் வைத்திருப்பது இந்தப் பத்திதான்.

சரி, புரட்டுகிறவர் யார்? ஆவணக் காப்பகம் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல் ஆட்சியாளரின் வீட்டைக் குறித்தது என்று தெரிதா 1995-ல் எழுதினார். நம்ம ஊரில் இது உவமை அல்ல. கர்ணம் வீட்டுப் பெட்டியில்தான் கிராமக் கணக்கு இருந்தது. எந்தப் புலத்தில் டி.சி. குறிப்பு இருக்கிறது என்ற அடைவு கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை எந்தத் தெருவைச் சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில், 1979 முதல் 1980-கள் வரை, நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் யூ.டி.ஆர். திட்டம் நடந்தது. பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. பழைய பதிவேட்டின் டி.சி. குறிப்பு பல இடங்களில் புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை என்பது தலித் நில இயக்கங்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. பெயர் விட்டுப்போனால் உரியவன் வந்து கத்துவான். தீர்வை விட்டுப்போனால் தாசில்தார் கேட்பார். குறிப்பு விட்டுப்போனால் கேட்க எந்த வரிசையும் இல்லை. எந்த வரிசையிலும் நிற்காத தகவல் தொலைந்தால் இடைவெளி தெரியாது.

1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டிச் செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். வரிசை, புலம் என்றெல்லாம் நான் பேசிக்கொண்டிருப்பதை யாராவது அறிவுஜீவி விளையாட்டு என்று நினைத்தால் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஒரு பதிவேட்டின் கடைசிப் பத்தியைப் பொதுவில் வாசிக்கச் சொன்னதற்குக் கொடுத்த விலை அது.

5

இப்போது எல்லாம் கணினியில் ஏறிவிட்டது. ‘தமிழ் நிலம்’ என்ற மென்பொருளில் பதிவுகள் இருக்கின்றன. இணைய சேவைத் தளத்தில் யாரும் வீட்டிலிருந்தே ‘அ’ பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்ற படிகளில் இறங்கிப் போனால் ஒரு புலத்தின் விவரம் திரையில் வரும். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு அருமை தெரியும். ஆனால் கவனியுங்கள், இது கர்ணத்தின் பழைய பதிவேட்டின் அதே வரிசை. புல எண் தெரிந்தவனுக்குத்தான் கதவு திறக்கும். பொன்னேரி வட்டத்தில் டி.சி. குறிப்பு உள்ள புலங்களை எல்லாம் காட்டு, பட்டாதாரர் பெயர் மாறிய தேதிப்படி அடுக்கு என்று ஒரு குடிமகன் அங்கே கேட்க முடியாது. கணினிக்கு அது பெரிய வேலை அல்ல. கேட்பதற்கான கட்டம் இல்லை, அவ்வளவுதான். தாளுக்கு ஒரே வரிசைதான் சாத்தியம் என்ற நியாயம் இருந்தது. கணினிக்கு அந்த நியாயம் இல்லை. தாளின் வரம்பைக் கணினியில் தொடர்வது இனிமேல் வரம்பு அல்ல, தேர்வு.

எதிர்முனையைப் பார்ப்போம். 2020 ஆகஸ்டில் ஒன்றிய அரசு தொழில் நிலங்களுக்கான வரைபட வங்கி ஒன்றைத் தொடங்கியது. முதலீட்டாளர் உட்கார்ந்த இடத்திலிருந்து தொழிற்பேட்டைகளில் காலி மனை எங்கே இருக்கிறது, போக்குவரத்து வசதி என்ன, பக்கத்தில் என்ன மூலவளம் என்று பார்க்கலாம். கும்மிடிப்பூண்டி மாதிரி ஓர் இடம், கொல்கத்தா நெடுஞ்சாலையும் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அருகிலே இருப்பதால், அப்படிப்பட்ட எந்தத் தேடலிலும் மேலே வரும் தகுதி உள்ளது. அதே மண்ணுக்கு இரண்டு அடைவுகள். மூலதனத்தின் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு நிலம் பல முகங்களோடு விரிகிறது. கூலிக்காரரின் பேரன் பக்கத்திலிருந்து வந்தால் ‘புல எண்ணைச் சொல்லு’ என்கிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. யாருடைய கேள்வி எதிர்பார்க்கப்பட்டதோ அதற்கேற்ப அடைவு கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொரு உதாரணம் நில உச்சவரம்பு. 1961-ல் வந்த சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றது. 1970-ல் அது 15 ஆகக் குறைந்தது. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வர ஒரு வரிசை முன்நிபந்தனை: மாநிலம் முழுக்க ஆள்வாரியாகக் கூட்டி, பரப்பின்படி இறங்குவரிசை. சிட்டாவோ கிராமத்தோடு முடிந்துவிடும். நான்கு கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் ஒருவர் நான்கு பதிவேட்டில் நான்கு ஆள். இன்னார் பெயரில், மனைவி பெயரில், முன்னெழுத்து மாறிய பெயரில் என்று பிரித்துவிட்டால் இன்னும் பல ஆள். சட்டத்தை எழுதியவர்கள் அதைச் செயல்படுத்தும் வரிசையை எழுதவில்லை. பினாமிகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பினாமிக்கு இடம் கொடுத்த பதிவேட்டின் வடிவத்தைப் பற்றிப் பேசியதில்லை.

வடிகட்டினால் போதாதா, வரிசை எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். வடிகட்டல் எது இருக்கிறது என்று சொல்லும். வரிசை என்ன நடந்தது என்று சொல்லும். பஞ்சமி நிலங்களை வடிகட்டி எடுத்தால் புல எண்களின் குவியல் கிடைக்கும். அதையே கைமாறிய தேதிப்படி நிறுத்தினால், எந்த ஆண்டில் எந்தச் சாலை வந்தபோது, எந்தத் தொழிற்பேட்டை அறிவிப்பு வந்தபோது கைமாற்றம் கூடியது என்று தெரிய வரும். வாங்கியவரின் மொத்தப் பரப்பின்படி நிறுத்தினால் வேறொரு கதை வெளியே வரும். வரிசை ஒரு கதையாடல். ஆகவேதான் அதற்கு இத்தனை பூட்டு.

6

இந்த இடத்தில் எனக்கு நானே ஒரு தடை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாப் புலங்களையும் எல்லோருக்கும் வரிசைப்படுத்தத் திறந்துவிடு என்பதா என் கோரிக்கை? இல்லை.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தாக்கிய கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது பரவலாகப் பதிவாகியிருக்கிறது. தெரு வாரியாக, வீட்டு எண் வாரியாக அடுக்கிய பட்டியல். பெயரை வைத்து இனத்தைப் படித்துவிடலாம். ஒரு நல்ல வரிசை கொலைக்கு வழிகாட்டும் வரைபடமாகிவிட்டது. கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இருக்கும் முகாம்களில் அந்த வரலாற்றிலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழ்கிறார்கள். 2021-ல் அந்த முகாம்களின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. பதிவேட்டில் ஆள் நிற்கும் வரிசை அதனால் மாறிவிடாது. பட்டியல் என்றாலே அவர்களுக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்று நமக்கு எளிதில் புரியாது.

நம்ம நாட்டிலும் இதே வாக்காளர் பட்டியல்தான் வழக்கானது. 2018-ல் தேர்தல் ஆணையம் பட்டியலை எழுத்தாகத் தேட முடியாத பட வடிவத்தில் வெளியிட்டது. தேடத்தக்க வடிவில் வேண்டும் என்று கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனார். வாக்காளரின் தனியுரிமை, தரவைத் தவறாகப் பயன்படுத்தும் அபாயம் என்றது ஆணையம். அப்படிக் கேட்கும் உரிமை மனுதாரருக்கு இல்லை, வேண்டுமானால் சொந்த முயற்சியில் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த முயற்சி என்றால் ஆளும் பணமும். அது இருக்கிற கட்சிக்குப் பட்டியல் தேடத்தக்கது, இல்லாத குடிமகனுக்குப் படம். 2025-ல் பீகாரில் தீவிரத் திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு, வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடத்தக்க விதத்தில் வெளியிட வேண்டும் என்று ஆகஸ்ட் 14-ல் அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஏழு ஆண்டில் ஒரு புலம் பட்டியலை விட்டு விழுந்தவர்களுக்காகத் திறந்தது. ஒருவர் தன்னைத் தேடிக்கொள்ளலாம் என்ற அளவுக்கு.

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்து வாசித்தால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஆட்களை அடுக்குவது ஒன்று, உடைமையையும் அதிகாரத்தின் செயலையும் அடுக்குவது இன்னொன்று. ஆளின் பெயர், மதம், சாதி, பிறந்த ஊர் ஆகிய புலங்கள் மேலே இருப்பவர்கள் கையில் வரிசையாகும்போது அது கண்காணிப்பு, சில வேளை கொலை. நிலத்தின் நிபந்தனை, கைமாறிய தேதி, குவிந்த பரப்பு ஆகிய புலங்கள் கீழே இருப்பவர்கள் கையில் வரிசையாகும்போது அது கணக்குக் கேட்பது. நம்ம அமைப்புகளில் இது தலைகீழாக இருக்கிறது. மேலே இருக்கிறவருக்கு ஆட்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் அடுக்கத்தக்கவர்கள். கீழே இருக்கிறவருக்கு நிலம் புல எண்ணால் மட்டும் திறக்கும்.

பஞ்சமி நிலப் பட்டியலைப் பொதுவில் வைத்தால் சாதியைப் பொதுவில் வைத்ததாகாதா என்ற கேள்விக்கும் இதே வேறுபாட்டில் பதில் இருக்கிறது. ‘டி.சி.’ என்பது மனிதரின் மேல் ஒட்டிய சீட்டு அல்ல. நிலத்தின் மேல் எழுதப்பட்ட நிபந்தனை. இன்று அந்த நிலத்தை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் நிபந்தனை மண்ணோடு கிடக்கிறது. மறைப்பதால் காப்பாற்றப்படுவது அன்று ஒப்படை பெற்றவரின் மானமா, பிறகு வாங்கியவரின் வசதியா என்று பார்த்தால் போதும்.

7

எந்த வரிசையும் அறிவிக்கப்படாதபோது தேடுபொறி சும்மா இருப்பதில்லை. ‘பொருத்தம்’ என்ற தன் கணக்கின்படி அடுக்கிக் கொடுக்கிறது. 1990-களில் லண்டனில் உருவான ஒரு சூத்திரத்தின் வழிவந்த கணக்கு அது: அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை, நீண்ட ஆவணத்துக்குச் சற்றுக் குறைச்சல். வரிசை இல்லாத நிலை என்று ஒன்று கிடையாது, யாரும் கேள்வி கேட்காத வரிசை என்றுதான் உண்டு. சமூகத்திலும் அப்படித்தான். வரிசையே வேண்டாம், எல்லாம் பன்மை என்று பேசும் பின்நவீனக் குரல்களோடு எனக்கு உடன்பாடு குறைவது இந்த இடத்தில். சட்டகத்தை மறுத்துவிட்டுப் போனால் பழைய சட்டகம் வேலையைத் தொடரும். சதுரகராதி செய்த மாதிரி வாசல்களைக் கூட்டுவதுதான் செய்யத்தக்கது.

ஆகவே கோரிக்கை எளிமையானது, இரண்டே வரியில் சொல்லக்கூடியது. ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியைப் பொதுமக்கள் வடிகட்டத்தக்க புலமாக அறிவிக்க வேண்டும். யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் குறிப்பை அதன் பக்கத்தில் இன்னொரு புலமாக வைத்து, கைமாறிய தேதியையும் பரப்பையும் வரிசைப்படுத்தத்தக்கதாக ஆக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், புது எந்திரம் வேண்டாம். ஓர் அமைப்புக் கோப்பில் சில வரிகளும், ஏற்கனவே தாளில் இருப்பதைத் தட்டச்சு செய்யும் ஆட்களும் போதும்.

இது நடந்தாலும் ஒரு கூட்டம் மிச்சம் இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. திருவள்ளூர் மாவட்டத்து இருளர்களில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவர்கள் உண்டு. 1892-ன் ஒப்படையும் கிடைக்காத, அதற்குப் பின் வந்த பட்டாவும் கிடைக்காத குடும்பங்களுக்கு எந்தப் புலத்திலும் மதிப்பு இல்லை. தேதிப்படி ஏறுவரிசையில் கேட்டாலும் கடைசி, பரப்பின்படி இறங்குவரிசையில் கேட்டாலும் கடைசி. மதிப்பு இல்லாதவற்றை முதலில் காட்டு என்று சொல்லவும் பொறியில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றினால் போதும். அந்த வசதியை நில நிர்வாகத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் அடுத்து யோசிக்க வேண்டிய விஷயம்.